கண்ணுக்கு, அம்மா எழுதுவது

பழைய வண்ணாரப்பேட்டை
ஞாயிறு இரவு

அன்புள்ள கண்ணு,

இங்கே நான் நலம். நீ, மருமகள், குழந்தை எல்லாரும் நலம்தானே? மூன்று ஞாயிறாகப் போன் வரவில்லை. வேலை இருக்கும். டாக்டர் வீட்டில் நாற்பத்தைந்து வருஷம் குப்பை கொட்டியவளுக்கு அது தெரியாதா? ஆனால் நீ லீவில் இருக்கிறாய் என்று அக்கா சொல்கிறாள். லீவு என்றால் நல்லதுதான். நன்றாகத் தூங்கு. வேளைக்குச் சாப்பிடு. எதற்கு லீவு என்று நான் கேட்கவில்லை.

அப்பாவின் தெவசம் வருகிற மாதம். செங்குன்றம் பெரியம்மா முதல் நாளே வந்துவிடுவாளாம். போன தடவை மாதிரி வடைக்குச் சண்டை போடாமல் இருந்தால் சரி. கீழே கிளினிக்கை அந்த ஜவுளிக்கடைக்காரர் மறுபடியும் கேட்டார். எம்.சி. ரோட்டில் இடம் போதாமல் துணி மூட்டை நம் சந்து வரைக்கும் வந்துவிட்டது. பிள்ளையைக் கேட்டுச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். பிள்ளை போன் எடுத்தால்தானே கேட்க.

ஷட்டரைத் தட்டுகிற ஆள் இன்னமும் வருகிறது. போன வாரம் கொருக்குப்பேட்டையிலிருந்து ஒரு அம்மாள், பேரனின் கட்டைவிரலைத் துணியில் சுற்றிக்கொண்டு. டாக்டர் இல்லை என்றதும் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குப் போ என்று ஆட்டோ பிடித்துக் கொடுத்தேன். அப்பா இருந்தால் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்திருப்பார். அந்தக் கையெழுத்தைப் பார்த்தாலே அங்கே ஆள் எழுந்து வரும்.

2018 டிசம்பரில் நம் ஐந்து ரூபாய் டாக்டர் ஜெயச்சந்திரன் தவறினபோது தெரு கொள்ளாத கூட்டம். அப்பாவும் போய் ஓரமாக நின்றுவிட்டு வந்தார். வந்து காபியைக் கையில் வைத்துக்கொண்டு, "அவரு மாதிரி என்னால முடியல. மாத்திரை எழுதிக் குடுத்து அஞ்சு ரூபா வாங்கலாம். நான் வெட்டித் தைக்கிறவன். நூல் வாங்கணும், மயக்க மருந்து குடுக்கிறவருக்குப் பணம் வைக்கணும்" என்றார். ஏதோ குற்றம் செய்தவர் மாதிரி. அதனால்தான் அந்த ஹார்லிக்ஸ் பாட்டில். இருக்கிறவன் போடு, இல்லாதவன் எடுத்துக்கொள். எடுத்தவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். உன் ஸ்கூல் பீஸ் கட்டுகிற மாதம் எனக்கு வயிறு எரியும்.

இந்தப் பக்கத்தில் கைதானே மூலதனம். துறைமுகம், பட்டறை, அச்சாபீஸ், பின்னி மில், காசிமேடு என்று எங்கே பார்த்தாலும் விரல் போகிற வேலை. ஸ்டான்லியில் கைக்கென்றே தனிப் பிரிவு கட்டிய வெங்கடசாமி சாரிடம் கற்றதுதான் அப்பாவுக்கு வேதம். ஞாயிற்றுக்கிழமை உங்கள் இரண்டு பேரையும் ஸ்கூட்டரில் வைத்து ராயபுரம் ஸ்டேஷனுக்கு ரயில் பார்க்கக் கூட்டிப்போவாரே, அப்படியே காசிமேட்டிலும் நிறுத்துவார். துண்டான விரலை ஈரத்துணியில் சுற்று, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டு, அப்புறம் அந்தப் பையை ஐஸ் மேல் வை, ஐஸுக்குள் நேராகப் போட்டால் விரல் செத்துப்போகும் என்று ஒவ்வொரு படகிலும் சொல்வார். அங்கே ஐஸுக்கா பஞ்சம்? மீனோடு மீனாகப் போட்டுக்கொண்டு வந்துவிடுவார்களே என்றுதான் அவருக்குப் பயம். நீயும் கூடவே அதை ஒப்பிப்பாய். ஏழு வயசு உனக்கு. கட்டில் காலில் நூலைக் கட்டி ஒற்றைக் கையால் முடிச்சுப் போடுவாய். அக்காவுக்கு ஜடை பின்னினாலும் அப்பா சர்ஜன் முடிச்சுதான் போடுவார். சாயங்காலம் அவிழ்க்க முடியாமல் அவள் அழுவாள்.

உனக்கு அவர் கை. இதை நான் உன்னிடம் சொன்னதே இல்லை, தலைக்கனம் வந்துவிடும் என்று.

கண்ணு, ஒரு தடவை அப்பா நாலு நாள் யாருடனும் பேசாமல் இருந்தாரே, ஞாபகம் இருக்கிறதா? நீ மூணாவதோ நாலாவதோ. அப்பெண்டிக்ஸுக்கு வந்த பெண் மேஜையிலேயே போய்விட்டாள். பத்தொன்பது வயசு. அவர் மேல் தப்பு இல்லை என்று எல்லாரும் சொன்னார்கள். அவர் கேட்டுக்கொள்ளவில்லை. குளிக்கவில்லை, சோற்றைத் தொடவில்லை. ஐந்தாம் நாள் அந்தப் பெண்ணின் வீட்டுக்கு நடந்தே போனார். தரையில் உட்கார்ந்தாராம். ரொம்ப நேரம் யாரும் பேசவில்லையாம். அப்புறம் அவள் அம்மா சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாளாம், குடித்தாராம். மறுநாள் காலை ஆறு மணிக்கு ஆபரேஷன் தியேட்டருக்குள் போனார். முதல் தையல் வரைக்கும் கை நடுங்கியது என்று பத்து வருஷம் கழித்து என்னிடம் சொன்னார். இதை எதற்கு எழுதுகிறேன் என்று கேட்காதே. ஞாபகம் வந்தது, எழுதினேன். அங்கே விசாரணை, வக்கீல் என்றெல்லாம் இருக்குமாம். வீட்டுக்குப் போய்த் தரையில் உட்கார விடமாட்டார்கள்போல.

சாப்பிடுகிறாயா? மருமகள் நல்ல பெண். அவளிடமாவது பேசு.

2020 மே மாதம் ராயபுரம்தான் ஊரிலேயே அதிக கொரோனா என்று தினமும் செய்தியில் சொன்னார்கள். அப்பா ஷட்டரைத் திறந்துதான் வைத்திருந்தார். நீ வீடியோவில் அவரைத் திட்டினாய். பெற்றவரைத் திட்டியது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் நான் சொல்ல முடியாததை நீ சொன்னாய் என்று உள்ளுக்குள் சந்தோஷம்தான். நான் எப்போதும் அப்படித்தான் இருந்திருக்கிறேன். வெளியே டாக்டர் வீட்டு அம்மா, உள்ளே கணக்கு.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன்.

பின்னி மில்லை மூடின அதே 1996. உனக்கு மறுநாள் பத்தாவது கணக்குப் பரீட்சை. அப்பா இரண்டு ராத்திரி தூங்காமல் வந்து, உனக்குத் துணையாக உன் அறையில் படுத்து அப்படியே தூங்கிப்போயிருந்தார். பன்னிரண்டு மணிக்குக் கதவு தட்டும் சத்தம். மீன்பாடி வண்டியில் மூன்று பேர். ஒருத்தன் கையில் லுங்கி சுற்றியிருந்தது, ரத்தம் படியில் சொட்டியது. படகு வின்ச்சில் கயிற்றோடு கை போய்விட்டது என்றார்கள். இன்னொருத்தன் கையில் ஒரு பிளாஸ்டிக் பை. அதை வைத்திருந்த ஐஸ் பெட்டியையும் பார்த்தேன். அப்பா சொன்னபடியே செய்திருந்தார்கள்.

டாக்டர் ஊரில் இல்லை என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன்.

எங்கெங்கோ அலைந்து பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர விடிந்துவிட்டதாம். இரண்டு விரல் ஒட்டவில்லை. மாசக் கடைசியில் அவனே கட்டு மாற்ற வந்து, "அன்னிக்கு உங்க வூட்டாண்ட வந்தோம் டாக்டர், ஊர்ல இல்லன்னு அம்மா சொன்னாங்க" என்றான். நான் திரைக்குப் பின்னால் பஞ்சு வெட்டிக்கொண்டிருந்தேன். அப்பா, "ஆமாம்ப்பா, இல்ல" என்றார்.

என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்று ராத்திரி கட்டிலைத் தூக்கிக்கொண்டுபோய் வாசல் ரூமில் போட்டார். கொசு பிடுங்குமே என்றேன். காத்து வருது என்றார். அப்பாவுக்குக் காற்று வேண்டும் என்று நீங்கள் இரண்டு பேரும் கேலி செய்வீர்களே, அந்தக் கட்டில்தான். சாகிறவரைக்கும் அங்கேதான் படுத்தார். கதவை வேறு யாரையும் திறக்க விடவில்லை.

வெளிநாட்டுக்குப் போ, போ என்று உன்னைத் துரத்தினதும் நான்தான். நடுராத்திரியில் யாரும் வந்து கதவு தட்டாத ஊருக்குப் போகட்டும் என்று. இப்போது தட்டுவதற்கு எனக்கே வழி தெரியவில்லை.

அந்த மீன்காரர் கல்மண்டபத்தில் இருக்கிறார். மூன்று விரலால் வஞ்சிரத்தை என்ன சுத்தமாகத் துண்டு போடுகிறார் தெரியுமா? எனக்குத் தலைப் பக்கம் கூடுதலாக வைப்பார். அவரிடம் நான் இன்னும் சொல்லவில்லை. தெவசத்துக்கு வருகிறேன் என்றிருக்கிறார்.

அப்புறம், காயலாங்கடைக்காரர் வந்தார். அந்தப் பழைய ஆட்டோகிளேவை எடைக்குத்தான் எடுப்பாராம். ஆபரேஷன் மேஜையையும் கேட்கிறார். கொடுக்கவா, வைத்திருக்கவா? நீ போனில் சொல். எத்தனை மணியானாலும் பரவாயில்லை, நான் இப்போது அப்பா கட்டிலில்தான் படுக்கிறேன்.

அம்மா