லாகோஸைக் காப்பாற்றியவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புள்ள டாக்டர் அமேயோ அடாடெவோ அம்மாவுக்கும், ஒபலெண்டே ஃபர்ஸ்ட் கன்சல்டன்ட் மருத்துவமனையில் அவரோடு வேலை பார்த்தவர்களுக்கும், 2014 ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் நைஜீரியாவின் லாகோஸில் எபோலாவைத் தடுக்க வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டிய அத்தனை பேருக்கும்,

வணக்கம்.

உங்களில் யாரையும் நான் நேரில் பார்த்ததில்லை. என் கணவருக்கு இலுபேஜு பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை, அதனால் அந்த வருடம் நாங்கள் லாகோஸில் இருந்தோம், கையில் சின்னப் பையன். இப்போது திருச்சியில் இருக்கிறோம். அந்தப் பையன் எனக்கு மேல் வளர்ந்துவிட்டான். அந்த ஊரில் இருந்து நாங்கள் மூன்று பேரும் முழுசாகத் திரும்பி வந்ததற்கு நான் நன்றி சொல்ல வேண்டியவர்கள் நீங்கள்தான் என்று மனதுக்குள் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன், எல்லோர் முன்னாலும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

2020ல் கொரோனா வந்தபோது எங்கள் தெருவில் உங்கள் கதையைச் சொன்னேன். ஒருவருக்கும் தெரியவில்லை. எபோலா என்றால் ஆப்பிரிக்கா, ஆப்பிரிக்கா என்றால் சாவு, அவ்வளவுதான் இங்கே தெரிந்திருக்கிறது. கினி, லைபீரியா, சியரா லியோன் மூன்று நாடுகளிலும் 11,000 பேருக்கு மேல் இறந்தது செய்தியில் வந்தது, அது வர வேண்டியதுதான். ஆனால் பக்கத்திலேயே இரண்டு கோடி பேர் வாழும் ஒரு ஊருக்குள் அதே நோய் வந்து, அங்கேயே பிடித்து நிறுத்தப்பட்டதை யாரும் ஞாபகம் வைத்திருக்கவில்லை. வந்த அழிவுக்கு நினைவுத்தூண் கட்டுகிறோம். வராமல் தடுத்தவர்களுக்கு என்ன செய்கிறோம்?

லாகோஸைப் பார்க்காதவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மஞ்சளில் கறுப்புக் கோடு போட்ட டான்ஃபோ வண்டிகளில் ஒருவர் வியர்வை இன்னொருவர் மேல் படாமல் யாரும் பயணம் செய்ய முடியாது. ஒஷோடி, பலோகுன் சந்தைகளில் நடக்க வேண்டியதே இல்லை, கூட்டமே நம்மைத் தள்ளிக்கொண்டு போய்விடும். எபோலா காற்றில் பரவாது, நோயாளியின் ரத்தம், வாந்தி, வியர்வை மாதிரி உடல் திரவங்கள் பட்டால்தான் பரவும், காய்ச்சல் தொடங்காத ஆளிடமிருந்து ஒட்டாது. சரி, இதெல்லாம் எங்களுக்குப் பிறகு தெரிந்தது. முதல் வாரத்தில் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான், இந்த ஊருக்குள் அது இறங்கிவிட்டால் எண்ணிப் பார்க்கவே முடியாது.

இறங்கத்தான் செய்தது. 2014 ஜூலை 20, ஞாயிற்றுக்கிழமை, லைபீரியாவிலிருந்து வந்த பேட்ரிக் சாயர் என்ற அதிகாரி லாகோஸ் விமான நிலையத்தில் மயங்கி விழுந்தார். நைஜீரியாவின் இன்னொரு ஊரான கலபாரில் நடக்க இருந்த ஒரு கூட்டத்துக்குப் போக வந்தவர். அரசு மருத்துவர்கள் அந்த மாதம் முழுக்க வேலைநிறுத்தத்தில் இருந்தார்கள், அதனால் அவரை ஒபலெண்டேயில் இருந்த தனியார் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். நாள் முழுக்க ஜனம் மோதும் ஒரு அரசு ஆஸ்பத்திரியின் பொது வார்டில் அவரைப் படுக்க வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் நினைத்துப் பார்ப்பேன்.

டாக்டரம்மா, மறுநாள் காலை நீங்கள் வார்டு சுற்றில் அவரைப் பார்த்தீர்கள். மலேரியாவுக்கு மருந்து போட்டிருந்தார்கள். லாகோஸில் காய்ச்சல் என்றால் மலேரியா என்றுதான் எல்லோரும் முதலில் நினைப்போம், நான் உட்பட. நைஜீரியாவில் அதுவரை ஒரு எபோலா நோயாளிகூட வந்ததில்லை, நீங்களும் அதற்கு முன் ஒருவரையும் பார்த்ததில்லை. ஆனாலும் மருந்துக்கு அடங்காத காய்ச்சலையும் அவர் வந்த ஊரையும் சேர்த்துப் பார்த்து உங்களுக்குச் சந்தேகம் வந்தது. எபோலா நோயாளி யாரோடும் பழகவில்லை என்று அவர் சொன்னதை அப்படியே நம்பிவிடாமல் ரத்தம் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினீர்கள், மாநில, மத்திய சுகாதாரத் துறைகளுக்குத் தகவல் சொன்னீர்கள்.

முடிவு வருவதற்குள் லைபீரியத் தரப்பிலிருந்து அழுத்தம் வந்தது. அவரை விடுங்கள், கூட்டத்துக்குப் போக வேண்டும், பிடித்து வைப்பது கடத்தலுக்குச் சமம், வழக்குப் போடுவோம் என்றெல்லாம் மிரட்டல். நீங்கள் விடவில்லை. தனிமைப்படுத்தும் வசதி எதுவும் இல்லாத மருத்துவமனை அது. அறை வாசலில் மரத்தடுப்பு போட்டு வைத்துக்கொண்டு, வெளியே போகிறேன் என்று நின்ற நோயாளியையும் தொலைபேசியில் மிரட்டிய அதிகாரிகளையும் ஒரே நேரத்தில் சமாளித்தீர்கள். ஒரு தனியார் மருத்துவமனை டாக்டர், வம்பு எதற்கு என்று ஒரு கையெழுத்துப் போட்டு அனுப்பியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். எபோலா என்று பரிசோதனையில் உறுதியானது, ஜூலை 25 அன்று அவர் இறந்தார். அவர் மேலும் எனக்குக் கோபம் இல்லை. பயந்து ஓடிய ஒரு நோயாளி, அவ்வளவுதான்.

அவரிடமிருந்து உங்களுக்கும் நோய் தொற்றி, ஆகஸ்ட் 19 அன்று நீங்கள் போய்விட்டீர்கள். 57 வயது. அந்தச் செய்தி வந்த அன்று எங்கள் குடியிருப்பில் காவலுக்கு இருந்த பெரியவர் ரேடியோவை அணைத்துவிட்டு ரொம்ப நேரம் கேட்டருகே நின்றுகொண்டிருந்தார், யாரிடமும் பேசவில்லை. உங்களோடு அந்த அறைக்குள் போய் வந்த நர்ஸ்கள், துப்புரவுப் பணி செய்தவர்கள், அவர்களிலும் சிலர் இறந்தார்கள். டாக்டர் என்றால் பெயர் நினைவில் நிற்கிறது, தரை துடைத்தவருக்கு அப்படி நிற்பதில்லை. அவர்களுக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் இந்த மடலில் சரிபாதி சேர வேண்டும்.

உங்களோடு வேலை பார்த்து, நோய் வந்து, பிழைத்த டாக்டர் அடா இகோனோ பிறகு தன் அனுபவத்தை எழுதினார். லாகோஸின் யாபா பகுதியில் இருந்த தனிமை வார்டில் தினமும் பல லிட்டர் உப்பு சர்க்கரைக் கரைசலை வாந்திக்கு நடுவே குடித்துக்கொண்டே இருந்தாராம். எபோலாவுக்கு அன்று அங்கீகரித்த மருந்தோ தடுப்பூசியோ கிடையாது, நம் வீட்டில் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வந்தால் கொடுக்கிற அதே ஓ.ஆர்.எஸ். பாக்கெட்தான் கையில் இருந்தது. இகோனோ அம்மா, நீங்கள் அதை எழுதினதற்குத் தனியாக ஒரு நன்றி. எபோலா வந்தால் சாவுதான் என்று நம்பியிருந்த எங்களுக்கு, பிழைத்த ஒரு ஆளின் குரலைக் கேட்டது எவ்வளவு பெரிய தெம்பு என்று உங்களுக்குத் தெரியாது.

அடுத்து, கதவைத் தட்டியவர்கள். உங்கள் பெயர் ஒன்றுகூட எனக்குத் தெரியாது, அதனால்தான் இதை எழுதுவது கஷ்டமாக இருக்கிறது.

நைஜீரியாவில் போலியோவை ஒழிக்க 2012ல் ஒரு அவசரகால மையம் அமைத்திருந்தார்கள். எபோலா வந்ததும் அந்த வேலையில் பழகிய ஆட்களையே லாகோஸுக்கு இழுத்தார்கள், போலியோ மையத்தில் இருந்த டாக்டர் ஃபைசல் ஷுஐப் தலைமை ஏற்றார். இது நம் ஊர்க்காரர்களுக்குச் சட்டென்று புரியும். இந்தியாவுக்குப் போலியோ இல்லாத நாடு என்ற சான்றிதழ் வந்ததும் அதே 2014ல்தான், மார்ச் மாதம். பஸ் ஸ்டாண்டில் நின்று குழந்தை வாயில் சொட்டு மருந்து விட்டு விரலில் மை வைத்தார்களே, விட்டுப்போன வீட்டுக்கு மறுநாளும் வந்தார்களே, அதே பொறுமையும் அதே கணக்குப் புத்தகமும்தான் லாகோஸில் எபோலாவைத் துரத்தியது. ஒரு நோய்க்காகக் கட்டின படை இன்னொரு நோய்க்கு உதவியது. இந்த மாதிரி வேலைக்குப் போடுகிற பணம் வீண் என்று யாராவது சொன்னால் நான் இதைத்தான் சொல்வேன்.

நோயாளிகளோடு தொடர்பில் இருந்தவர்கள் என்று 894 பேரைக் கண்டுபிடித்தார்கள். நோய் வெளியே தெரிய 2 நாளும் ஆகலாம், 21 நாளும் ஆகலாம். அதனால் ஒவ்வொருவரையும் 21 நாள் தினமும் பார்த்துக் காய்ச்சல் இருக்கிறதா என்று அளக்க வேண்டும். மொத்தம் சுமார் 18,500 முறை நேரில் போயிருக்கிறார்கள். லாகோஸ் மழையில், லாகோஸ் நெரிசலில், மூன்றாவது மெயின்லேண்ட் பாலத்தில் மணிக்கணக்கில் நின்று, பெயர்ப்பலகை இல்லாத தெருக்களில் விசாரித்து விசாரித்துப் போய்.

என் கணவரின் தொழிற்சாலையில் வண்டி ஓட்டியவரின் உறவுக்காரர் ஒருவர் அந்தப் பட்டியலில் இருந்தார். அவர் சொல்லித்தான் உங்கள் வேலையின் இன்னொரு பக்கம் எனக்குத் தெரியும். பட்டியலில் பெயர் வந்துவிட்டது என்று தெரிந்தால் வீட்டுக்காரர் காலி பண்ணச் சொல்வார், கடைக்காரர் காசைக் கையால் வாங்க மாட்டார். அதனால் அவர் வீட்டுக்கு வந்த பெண், பார்ப்பவர்களுக்குச் சொந்தக்காரி மாதிரி இருக்கட்டும் என்று சாதாரண உடையில், கையில் ஒரு பையோடு வருவாராம். காய்ச்சல் பார்த்துவிட்டு உடனே கிளம்பாமல் உட்கார்ந்து பேசிவிட்டுப் போவாராம். கடைசி நாள் அந்தக் குடும்பம் அவருக்கு ஜோலோஃப் சோறு பொங்கிப் போட்டதாம். அம்மா, நீங்கள் யாரோ, எங்கே இருக்கிறீர்களோ, அவருக்குக் காய்ச்சல் வரவே இல்லை, அதே வீட்டில்தான் தொடர்ந்து குடியிருந்தார்.

நோய் கண்டவர்கள் இருந்த தெருக்களில் தகவல் சொல்லப் போனவர்கள் தனி. சுமார் 26,000 வீடுகளுக்குப் போனார்கள். அது எவ்வளவு அவசியம் என்று அந்த ஆகஸ்டில் லாகோஸில் இருந்தவர்களைக் கேளுங்கள். ஒரு ராத்திரி முழுக்க ஃபோன் அடித்துக்கொண்டே இருந்தது, உப்புத் தண்ணீரில் குளித்து உப்புத் தண்ணீரைக் குடித்தால் எபோலா வராது, விடிவதற்குள் செய்யுங்கள் என்று. படித்தவர்களும் செய்தார்கள். அதிகமாகக் குடித்து இரண்டு பேர் இறந்ததாகச் செய்தி வந்தது. எங்கள் மாடியில் இருந்த இபோ இனத்து அம்மா ஒருவர் வாளியோடு என் கதவுக்கு வந்துவிட்டார், அன்பினால்தான் வந்தார், என் பையனுக்கும் சேர்த்துக் கொண்டுவந்திருந்தார். அந்த மாதிரி நேரத்தில் ஒரு ஆள் வீட்டு வாசலில் வந்து நின்று நிதானமாகச் சொன்னால்தான் ஜனம் கேட்கும். ஃபோனில் வந்த பொய்யை நேரில் வந்த மனிதர்கள்தான் விரட்டினார்கள்.

என் பையனுக்கும் அந்த மாதம் காய்ச்சல் வந்தது. மலேரியாதான், மாத்திரையில் சரியாகிவிட்டது. ஆனால் கிளினிக் வாசலில் துப்பாக்கி மாதிரி இருந்த அந்த வெப்பமானியை அவன் நெற்றிக்கு நேராக நீட்டியபோது என் கால் நடுங்கியது நிஜம். அளந்த நர்ஸ் கையுறை மாட்டிக்கொண்டு அவனை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார். தள்ளி நில் என்று சொல்லவில்லை, தூக்கிக்கொண்டார். அவர் மருத்துவமனையிலும் எல்லோரும் பயந்துதான் இருந்தார்கள். ஊரிலிருந்து என் அம்மா அழுதுகொண்டே உடனே கிளம்பி வந்துவிடு என்றார், என் மாமியார் சமயபுரத்துக்கு வேண்டிக்கொண்டார். அந்த நர்ஸுக்கு நான் சரியாக நன்றிகூடச் சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன். அந்த ஊர் யொருபா மொழியில், எ ஷே, மா.

நைஜீரியாவின் இன்னொரு நகரமான போர்ட் ஹார்கோர்ட்டை விட்டுவிட முடியாது. கண்காணிப்பில் இருந்த ஒருவர் நழுவி அங்கே போய் ரகசியமாகச் சிகிச்சை எடுத்ததில், அவரைப் பார்த்த டாக்டர் இறந்துபோனார், அவரைச் சுற்றியிருந்த நூற்றுக்கணக்கானவர்களைத் தேட வேண்டியிருந்தது. முடிந்தது என்று மூச்சு விடப்போன நேரத்தில் மறுபடி முதலிலிருந்து தொடங்கினீர்கள். அங்கும் தேடிப் பிடித்தீர்கள்.

கடைசியில் நைஜீரியாவில் 20 பேருக்கு நோய், 8 பேர் மரணம். 2014 அக்டோபர் 20 அன்று உலக சுகாதார நிறுவனம் நைஜீரியாவில் எபோலா இல்லை என்று அறிவித்தது. ஒரு புதிய நோயாளியும் இல்லாமல் 42 நாள் கடந்தால்தான் அப்படி அறிவிப்பார்கள். அந்த எட்டுப் பேரில் டாக்டரம்மா நீங்களும் ஒருவர் என்பதால் என்னால் அந்த எண்ணைச் சின்ன எண் என்று சொல்ல முடியவில்லை.

அந்த மூன்று நாடுகளில் நின்றவர்களுக்கும் இங்கேயே நன்றி சொல்லிவிடுகிறேன், நான் அங்கே இருந்ததில்லை என்றாலும். சியரா லியோனின் கெனெமாவில் நோயாளிகளைப் பார்த்து, தனக்கே நோய் வந்து ஜூலை 29 அன்று இறந்த டாக்டர் ஷேக் உமர் கானுக்கு. மற்ற நாடுகள் ஆளனுப்பத் தயங்கிய நேரத்தில் சியரா லியோனுக்கு மட்டும் 165 பேரை அனுப்பிய கியூபாவுக்கு. எல்லையற்ற மருத்துவர்கள் அமைப்பினருக்கு. நோயாளியைத் தொட்டதால் நோய் வந்து இறந்த 500க்கும் மேற்பட்ட அந்த நாடுகளின் சொந்த சுகாதாரப் பணியாளர்களுக்கு.

2020 பிப்ரவரியில் நைஜீரியாவின் முதல் கொரோனா நோயாளி லாகோஸில் கண்டுபிடிக்கப்பட்டு யாபாவுக்குத்தான் கொண்டுபோகப்பட்டார் என்று படித்தபோது எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அதே யாபா. அங்கே கற்றதை அவர்கள் மறந்திருக்க மாட்டார்கள் என்று என் கணவரிடம் சொன்னேன்.

இலுபேஜுவிலும் இகேஜாவிலும் அபாபாவிலும் இன்னும் இருக்கும் நம் ஆட்களுக்கு ஒரு வேண்டுகோள். இதைத் தமிழில் எழுதினால்தான் எனக்கு மனசு நிறையச் சொல்ல வரும், அதனால் எழுதிவிட்டேன். உங்கள் அலுவலகத்தில், பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தில், அந்த நாட்களில் தெருத்தெருவாகப் போனவர்கள் யாராவது கட்டாயம் இருப்பார்கள், இல்லாவிட்டால் அவர்களுடைய தங்கையோ மகனோ இருப்பார். இதில் உள்ளதை அவர்களிடம் சொல்லுங்கள். ஒபலெண்டே பக்கம் போனால் அந்த மருத்துவமனைக்குள் போய், டாக்டர் அடாடெவோ பெயரைச் சொல்லி, திருச்சியில் ஒரு குடும்பம் நன்றி சொல்லச் சொன்னது என்று வரவேற்பில் இருப்பவரிடமாவது சொல்லிவிட்டு வாருங்கள்.

என்றும் நன்றியுடன்,
ஒரு தாய்,
முன்பு இலுபேஜு, லாகோஸ்
இப்போது திருச்சி