பிரஷர் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சமீபத்தில் என் தாய்மாமா இறந்துபோனார். வயது 58. விருதுநகர் பக்கம் ஒரு சின்ன ஊரில் பலசரக்குக் கடை வைத்திருந்தார். பக்கவாதம் வந்து போனார். துஷ்டி கேட்க வந்தவர்கள் எல்லோரும் "விதி", "நல்ல மனுசனைச் சாமி சீக்கிரம் கூப்பிட்டுக்கிட்டார்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ஆறுதலுக்குச் சொல்கிறார்கள், அதில் தப்பில்லை. ஆனால் தினமும் போட வேண்டிய பிரஷர் மாத்திரையை மாமா எந்த டாக்டரிடமும் கேட்காமல் நிறுத்தினார், சில மாதம் கழித்து விழுந்தார் என்பதுதான் நடந்தது. அதற்கு விதி என்று பேர் வைக்க எனக்கு மனசு வரவில்லை. இதே காரியத்தை நம் ஊர்களில் இன்றைக்கும் ஏராளமான பேர் செய்துகொண்டிருக்கிறார்கள், அதனால்தான் இந்தக் கடிதம்.

மாமாவுக்கு பிரஷர் இருப்பது தெரிய வந்ததே மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தால்தான். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிவைத்த அந்தத் திட்டம் அப்புறம் எங்கள் பக்கமும் வந்தது. வீட்டு வாசலில் வைத்தே பிரஷர் பார்த்தார்கள், மேல் அளவு 170-ஐத் தாண்டியிருந்தது. அவருக்கோ ஒரு தலைவலிகூடக் கிடையாது. ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகச் சொன்னார்கள், அங்கே அம்லோடிபின் என்ற பிரஷர் மாத்திரையை எழுதிக் கொடுத்தார்கள், அதன் பிறகு மாத்திரை வீடு தேடி வந்தது. காசும் இல்லை, வரிசையில் நிற்கிற வேலையும் இல்லை. ஒழுங்காகப் போட்டார், அளவும் இறங்கியது.

பிறகு கணுக்கால் வீங்க ஆரம்பித்தது. நாள் முழுக்கக் கடையில் நிற்கிற மனிதர், சாயந்திரம் செருப்பைக் கழற்றினால் வார் பதிந்த தடம் குழியாக அப்படியே நிற்கும். அதைப் பார்த்துவிட்டுக் கடைக்கு வந்த ஒருவர், "அண்ணாச்சி, கால் வீங்குதுன்னா கிட்னி போகுதுன்னு அர்த்தம், எல்லாம் இந்த மாத்திரையாலதான்" என்று சொல்லியிருக்கிறார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். மாமா அன்றோடு நிறுத்தினார். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. மாத்திரை வரும்போதெல்லாம் வாங்கிக் கல்லாவுக்குக் கீழே இருந்த இழுப்பறையில் போட்டுவந்திருக்கிறார். காரியம் முடிந்து கடையை ஒதுங்க வைத்தபோது ரப்பர் பேண்டு போட்ட அட்டைகளை அத்தைதான் எடுத்தார், ஒரு மாத்திரைகூடப் பிரிக்கவில்லை.

இதில் என்னால் தாங்க முடியாத விஷயம் என்னவென்றால், அம்லோடிபின் போடுகிற சிலருக்குக் கணுக்கால் வீங்குவது டாக்டர்களுக்கு நன்றாகத் தெரிந்த பக்கவிளைவு. அந்த மாத்திரை சின்ன ரத்தக் குழாய்களை விரித்துவிடுகிறது, அதனால் கொஞ்சம் நீர் கசிந்து காலில் தங்குகிறது. கிட்னி கெட்டதால் வருகிற வீக்கம் வேறு. எது எது என்று சந்தேகம் வந்தால் சிறுநீரில் புரதம் போகிறதா, ரத்தத்தில் கிரியேட்டினின் (கிட்னி வெளியேற்ற வேண்டிய கழிவு) எவ்வளவு என்று பார்த்தாலே பெரும்பாலும் தெரிந்துவிடும், அரசு ஆஸ்பத்திரியில் இலவசமாகவே பார்ப்பார்கள். மாத்திரைதான் காரணம் என்றால் டாக்டர் அளவைக் குறைப்பார், இல்லை வேறு மாத்திரை மாற்றித் தருவார். பிரஷருக்கு எத்தனையோ வகை மாத்திரை இருக்கிறது, ஒன்று ஒத்துக்கொள்ளவில்லை என்றால் இன்னொன்று. ஐந்து நிமிடப் பேச்சில் முடிந்திருக்க வேண்டியது.

"மாத்திரை போட்டால் கிட்னி போய்விடும்" என்ற பேச்சு நம் ஊரில் டீக்கடையிலும் இருக்கிறது, வாட்ஸ்அப்பிலும் இருக்கிறது. உண்மையில் கிட்னியைக் கெடுக்கிற காரணங்களில் முதல் இரண்டு இடத்தில் நிற்பவை சர்க்கரையும் கட்டுப்படாத பிரஷரும்தான். பிரஷருக்குக் கொடுக்கிற சில மாத்திரைகளை டாக்டர்கள் கிட்னியைக் காப்பாற்றவே எழுதுகிறார்கள். பயப்பட வேண்டியது வேறு ஒன்றுக்கு. மாமா முழங்கால் வலி வந்தால் மெடிக்கல் ஷாப்பில் சீட்டு இல்லாமல் "செட்" வாங்கிப் போட்டுக்கொள்வார், வாரத்தில் பாதி நாள் போடுவார். அந்த செட்டில் பெரும்பாலும் டைக்ளோஃபெனாக் மாதிரி வலி மாத்திரை ஒன்று இருக்கும். தொடர்ந்து போட்டால் பிரஷரையும் ஏற்றும், கிட்னியையும் கெடுக்கும். அதைப் பற்றி யாரும் அவரை எச்சரிக்கவில்லை. மாத்திரைக்குப் பதிலாக ஏதோ ஒரு நோட்டீஸைப் பார்த்துச் சூரணம் ஒன்றையும் தபாலில் வரவழைத்துச் சாப்பிட்டிருக்கிறார், டப்பா மேலே "பிரஷர், சுகர், பக்கவாதம் மூன்றுக்கும் நிரந்தரத் தீர்வு" என்று அச்சடித்திருந்தது.

நிறுத்திய பிறகு அவருக்கு ஒன்றும் பண்ணவில்லை என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஆபத்தே அங்கேதான் இருக்கிறது. கால் வீக்கம் வற்றியது, சாப்பாடு தூக்கம் எல்லாம் சரியாக இருந்தது, "பாத்தியா, மாத்திரை இல்லாமலே நல்லாத்தான் இருக்கேன்" என்றுதான் அவர் நினைத்திருப்பார். பிரஷர் உள்ளே 180, 190 என்று நின்றாலும் வெளியே காட்டிக்கொடுக்காமல் இருக்கும். 2023-ல் வெளிவந்த, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) இன்டியாப் ஆய்வு நம் நாட்டில் பெரியவர்களில் 35.5 சதவீதம் பேருக்கு உயர் ரத்த அழுத்தம் என்கிறது, அதாவது மூன்று பேரில் ஒருவருக்கு. அதே ஆண்டு உலக சுகாதார நிறுவனம் தந்த அறிக்கைப்படி, உலகம் முழுக்க பிரஷர் உள்ளவர்களில் ஐந்தில் ஒருவருக்குத்தான் அது கட்டுக்குள் இருக்கிறது. மேல் அளவை 10 குறைத்தாலே பக்கவாதம் வருகிற அபாயம் கால்வாசிக்கு மேல் குறைகிறது என்று பெரிய ஆய்வுகள் சொல்கின்றன. மாத்திரை போடுகிறவரைக்கும்தான் அந்தக் காவல், நிறுத்தினால் அளவு பழையபடி ஏறிவிடும்.

அன்றைக்குக் காலை என்ன நடந்தது என்பதையும் எழுதுகிறேன், யாருக்காவது உதவும். கடையில் பற்று நோட்டில் எழுதிக்கொண்டிருந்தவருக்கு எழுத்து கோணிப் போயிருக்கிறது. வரிக்கு மேலே ஏறி, பிறகு கீழே இறங்கி, கடைசியில் வெறும் கிறுக்கல். அந்த நோட்டை நான் பார்த்தேன். சில்லறை வாங்க நீட்டிய வலது கை எழும்பவில்லை, பேச்சு குழறியது. சாமான் வாங்க வந்த பெண் பதறி அத்தையைக் கூப்பிட்டிருக்கிறார். வெயில் மயக்கம் என்று நினைத்துச் சோடா கொடுத்தார்கள், புரையேறியது. படுக்க வைத்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர்கள் கைகாலுக்கு எண்ணெய் தேய்த்தார்கள், ஒருவர் புறா ரத்தம் தடவினால் கை எழும்பிவிடும் என்று புறா தேடிப் போனார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "எத்தனை மணிக்கு ஆரம்பிச்சது?"

மூளைக்குப் போகிற ரத்தக் குழாயில் ரத்தக்கட்டி அடைத்திருந்தால் அதைக் கரைக்க ஊசி இருக்கிறது. ஆனால் ஆரம்பித்து நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதுவும் உடனே போட்டுவிட முடியாது, அடைப்பா ரத்தக்கசிவா என்று முதலில் ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும், கசிவாக இருந்தால் அதே ஊசி உயிருக்கே ஆபத்து. அதனால்தான் கடைசியாக எப்போது நன்றாக இருந்தார் என்று அவ்வளவு அழுத்திக் கேட்கிறார்கள். அடைப்பில் மூளை ஒவ்வொரு நிமிடமும் 19 லட்சம் நரம்பணுக்களை இழக்கிறது என்பது ஆராய்ச்சியாளர்கள் போட்ட கணக்கு. மாமாவுக்கு அடைப்புதான், நேரம்தான் போய்விட்டது. நேரம் தாண்டினாலும் வீட்டில் வைத்திருக்கக் கூடாது, பெரிய ஆஸ்பத்திரிகளில் சிலருக்கு 24 மணி நேரம் வரைகூடக் குழாய் விட்டுக் கட்டியை எடுக்கிறார்கள்.

வாய் ஒரு பக்கம் கோணினால், ஒரு கை துவண்டால், பேச்சு குழறினால் 108-ஐக் கூப்பிட்டு, "பக்கவாதம் மாதிரி தெரியுது, சிடி ஸ்கேன் இருக்கிற ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்க" என்று சொல்லுங்கள். வாயில் தண்ணீர்கூட ஊற்றாதீர்கள். விழுங்குகிற தசை வேலை செய்யாதபோது கொடுப்பது நுரையீரலுக்குள் போகும். மாமா இறந்தது கடைசியில் நிமோனியாவில்தான். சோடா கொடுத்தவர்களை நான் குறை சொல்லவே இல்லை. பாசத்தில் செய்தார்கள், அவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

இப்போது மாமா வீட்டில் எல்லோருக்கும் பிரஷர் பார்த்தாயிற்று. மூத்த மகனுக்கு முப்பது வயசுதான், 150-க்கு மேல் காட்டுகிறது. "பாத்துக்கலாம், இந்த வயசுலயே மாத்திரையா" என்கிறான். அப்பாவைப் பறிகொடுத்த பிள்ளையே இப்படிப் பேசினால் மற்றவர்களை என்ன சொல்ல? அத்தை ஊறுகாயையும் கருவாட்டையும் குறைத்துவிட்டார். ஒரு நாளைக்கு ஒருவருக்கு ஒரு டீஸ்பூன் உப்பு, அதாவது 5 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்று சொல்வார்கள். எங்கள் பக்கம் மத்தியானச் சாப்பாட்டு அப்பளம், மோர்மிளகாயிலேயே அதில் பெரும் பங்கு போய்விடும். உப்பைக் குறைப்பதும் நடப்பதும் நல்லதுதான், செய்ய வேண்டியதுதான், ஆனால் 150-க்கு மேல் காட்டுகிற பிரஷருக்கு அது மட்டும் போதாமல் போகலாம் என்பதை அவனுக்குப் புரியவைக்கப் பாடுபட்டுக்கொண்டிருக்கிறோம்.

பத்திரிகை நடத்துகிற உங்களிடம் இரண்டு விஷயம் கேட்கிறேன். "நிரந்தரத் தீர்வு", "மாத்திரையைத் தூக்கி எறியுங்கள்" என்று வருகிற விளம்பரங்களை யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம், பக்கவாதம், இதய நோய் இதையெல்லாம் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்யக் கூடாது என்று 1954-லேயே சட்டம் போட்டாயிற்று. கொடுக்கிறவருக்கு மட்டுமில்லை, வெளியிடுகிறவருக்கும் அது பொருந்தும். அச்சில் வந்துவிட்டால் எங்கள் ஊர் ஆட்கள் அதை நம்புகிறார்கள். மாமா அந்த நோட்டீஸை மடித்துச் சட்டைப்பையிலேயே வைத்திருந்தார்.

அடுத்தது, வாரத்தில் ஒரு நாள், கால் பக்கம் போதும், பிரஷர், சர்க்கரை மாத்திரை போடுகிறவர்களின் சந்தேகத்துக்கு அரசு ஆஸ்பத்திரி டாக்டர் ஒருவரைப் பதில் சொல்ல வையுங்கள். கட்டுரை வேண்டாம், கேள்வி பதிலாக வரட்டும், எழுத்துப் பெரிதாக இருக்கட்டும். கால் வீங்கினால் மாத்திரையை நிறுத்தலாமா என்பதை முதல் கேள்வியாகப் போடுங்கள். எங்கள் தெருவிலேயே அதைப் படிக்க வேண்டியவர்கள் நாலைந்து பேர் இருக்கிறார்கள், நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
விருதுநகர் மாவட்டம்