எடை பார்த்து ஏற்று

அன்பு மகனுக்கு,

இங்கு எல்லோரும் நலம். ஆனி பிறந்ததும் சாரல் ஆரம்பித்துவிட்டது. ஆரியங்காவுக் கணவாய்க் காற்று கதவைப் படபடவென்று அடிக்கிறது. ஹூஸ்டனில் வெயில் கொளுத்துவதாக மருமகள் சொன்னாள். அந்த வெயிலை நினைத்துத்தான் இந்தக் கடிதமே எழுதுகிறேன்.

சாய உருண்டை சுட்டு விளையாடும் பெயிண்ட்பால் துப்பாக்கிக்கு மாட்டும் சின்ன கேஸ் பாட்டில்களையும், வீட்டிலேயே நிரப்ப வாங்கிய பெரிய சிலிண்டரையும் வீடியோவில் காட்டினாய். கடையில் கொடுத்தே நிரப்பிக்கொள் என்று ஒரு வரியில் முடிக்கலாம். நீ கேட்க மாட்டாய். அதனால், செய்தால் எப்படிச் செய்ய வேண்டும் என்பதை எழுதிவிடுகிறேன். செங்கோட்டையில் சோடா போட்டு உங்களை ஆளாக்கியவன் நான். நீ கையில் எடுத்திருப்பதும் அதே கரியமில வாயுதான்.

முதலில், அழுத்தம் காட்டும் கேஜை நம்பாதே. சிலிண்டருக்குள் கரியமில வாயு பெரும்பாலும் திரவமாகத்தான் இருக்கிறது. 20 டிகிரி வெப்பத்தில் உள்ளே கால் பங்கு திரவம் இருந்தாலும் முக்கால் பங்கு இருந்தாலும் கேஜ் காட்டுவது ஏறக்குறைய 57 பார்தான், உங்கள் ஊர்க் கணக்கில் 830 பிஎஸ்ஐ. திரவம் தீர்ந்த பிறகே முள் இறங்க ஆரம்பிக்கும். கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப சாமிகள் வந்த பஸ்கள் கடை வாசலில் வரிசையாக நிற்கும். புளியரை தாண்டுவதற்குள் ஆளுக்கொரு கோலி சோடா கேட்பார்கள். அந்த அவசரத்திலும் நான் சிலிண்டரைத் தராசில் ஏற்றித்தான் மிச்சம் எவ்வளவு என்று பார்ப்பேன். கழுத்தில் வெட்டியிருக்கும் காலி எடையைக் கழித்தால் மிச்சம்தான் கேஸ். உனக்கும் அதே கணக்குதான்.

உன் பாட்டில் 20 அவுன்ஸ் என்றால் 567 கிராம் கேஸ் பிடிக்கும். 12 அவுன்ஸ் பாட்டிலுக்கு 340 கிராம். இது வாயுவின் எடை. பாட்டிலில் 100 கிராம் தண்ணீர் கொள்ளும் இடத்தில் 68 கிராம் வாயுதான் ஏற்றலாம் என்று அமெரிக்க விதியே சொல்கிறது. அதற்குக் காரணம் சூடு. நிரப்பும்போது பாட்டில் ஜில்லென்று இருக்கும், உள்ளே இடம் நிறைய இருப்பதுபோல் தோன்றும். பாட்டில் சூடாகச் சூடாகத் திரவம் விரிந்து அந்த இடத்தை அடைத்துவிடும். அதற்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் அழுத்தம் தாவி ஏறும். 31 டிகிரி தாண்டினால் உள்ளே திரவம், வாயு என்ற பேதமே கிடையாது. அளவோடு நிரப்பிய பாட்டில் இதைத் தாங்கும். 100 கிராம் கூடுதலாக ஏற்றிய பாட்டிலை வெயிலில் நிற்கும் கார் டிக்கியில் போட்டால், வால்வில் இருக்கும் மெல்லிய பாதுகாப்புத் தகடு கிழிந்துவிடும். மொத்த வாயுவும் சீறிக்கொண்டு வெளியே வரும். அந்தத் தகடு உன்னைக் காப்பாற்றத்தான் இருக்கிறது. அடிக்கடி கிழிகிறதே என்று தடித்த தகடு வாங்கிப் போட்டுவிடாதே, ராசா.

இனி நிரப்பும் விதம். எங்களுக்கு சோடாவுக்கு வாயு போதும், சிலிண்டரை நிமிர்த்தி வைத்து மேலிருந்து எடுப்போம். உனக்குத் திரவம் வேண்டும். அடிவரை குழாய் இறங்கும் சைஃபன் சிலிண்டர்தானா என்று விற்றவரிடம் கேட்டு உறுதி செய்துகொள். பெரிய சிலிண்டரைச் சங்கிலி போட்டுச் சுவரோடு கட்டு. சின்ன பாட்டிலை முழுக்கக் காலி செய்து எடை போட்டு எழுதி வை. ஹோஸ் வழியாகப் பெரிய சிலிண்டரோடு மாட்டியதும் கொஞ்சம் திரவம் விட்டு, அதை வெளியே திறந்துவிடு. பாட்டில் குளிர்ந்து வெளிப்புறம் பனி பூக்கும். பாட்டில் குளிர்ந்தால்தான் பெரிய சிலிண்டரின் அழுத்தம் திரவத்தைத் தடையில்லாமல் உள்ளே தள்ளும். பிறகு தராசில் வைத்தபடியே மெதுவாகத் திற. கழற்றியபின் மறுபடி எடை போட்டுப் பார். கூடியிருந்தால் அங்கேயே வெளியே விட்டுக் குறை.

கழற்றுவதற்கு முன் ஒன்று. இரண்டு பக்க வால்வையும் மூடிவிட்டால் நடுவில் ஹோஸுக்குள் திரவம் சிக்கிக்கொள்ளும். அதற்கு விரிய இடமே இல்லை. வெளியேற்றும் வால்வைத் திறந்து ஹோஸைக் காலி செய்த பிறகுதான் கழற்ற வேண்டும். தோல் கையுறை, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். வெளியே வரும் திரவம் மைனஸ் 78 டிகிரி வெண்பனியாக உறையும், பட்ட இடம் புண்ணாகிவிடும்.

எனக்கு ராத்திரி தூக்கம் போனது வேறொன்றை நினைத்து. பாட்டிலைத் துப்பாக்கியிலிருந்து கழற்றும்போது, வால்வு துப்பாக்கியிலேயே நின்றுகொண்டு பாட்டில் மட்டும் வால்விலிருந்து கழன்றால், அது ராக்கெட்டாகப் பறக்கும். உன் நாட்டிலேயே இப்படி உயிர் போயிருக்கிறது. வால்வும் பாட்டில் கழுத்தும் சேரும் இடத்தில் மருமகளின் நகப்பாலிஷால் குறுக்கே ஒரு கோடு போடு. கழற்றும்போது அந்தக் கோடு விலகினால் உடனே கையை நிறுத்து. வால்வைக் கழற்றி உலர்பனியை, அதாவது உறைந்த கரியமில வாயுவை, நொறுக்கிப் போட்டு மூடுகிறவர்களும் உண்டாம். அந்தப் பக்கமே போகாதே. நிறம் ஏற்றுவதற்காகச் சூளையில் வைத்த அலுமினிய பாட்டிலும் வேண்டாம், சூட்டில் உலோகம் பலம் இழந்துவிடும்.

இதையெல்லாம் கராஜுக்குள் செய்யாதே, முற்றத்தில் செய். இந்த வாயுவுக்கு வாசனை கிடையாது. காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம், தரையிலேயே தங்கும். நம் குட்டி இப்போதுதான் தவழ்கிறாள். உனக்குத் தலை வலிப்பதற்குள் தரையில் இருக்கும் அவள் மூச்சு திணறிவிடுவாள். நிரப்பி முடிக்கும்வரை அவள் வீட்டுக்குள் அம்மா மடியில் இருக்கட்டும்.

லீவுக்கு வரும்போது இந்தச் சாமானைக் கொண்டு வராதே. இங்கே 2016-ம் வருட கேஸ் சிலிண்டர் விதிப்படி உரிமம் இல்லாமல் நிரப்பக் கூடாது.

பாட்டில் கழுத்தில் வெட்டியிருக்கும் எழுத்துகளைத் தெளிவாகப் படம் எடுத்து அனுப்பு. கடைசியாகத் தண்ணீர் அழுத்தச் சோதனை செய்த மாதமும் வருடமும் அதில் இருக்கும். பெரிய சிலிண்டரின் தேதியையும் சேர்த்து அனுப்பு. 5 வருடம் தாண்டியிருந்தால் சோதனை முடியும்வரை அதைத் தொடாதே.

அன்புடன்,
அப்பா