மல்லிகாவுக்கு, ஸ்குவாஷ் விஷயமாக

சென்னை, டிசம்பர் 2025

அன்புள்ள மல்லிகா,

பதில் போடத் தாமதமாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. பெரியவளுக்குப் பிரசவம், அம்மாவுக்குக் கண் ஆபரேஷன். இப்போது எல்லோரும் நலம். உன் மாமியார் இன்னும் கேரம் போர்டை யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லையா?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உன் மகள் பி.காம். முடித்ததும், நாலு சுவருக்குள் மட்டையால் பந்தைச் சுவரில் அடிக்கிற அந்த ஸ்குவாஷ்தான் ஆடுவேன் என்று அடம்பிடிக்கிறாள், நீயாவது புத்தி சொல் என்று எழுதியிருந்தாய். நான் அவள் பக்கம்தான் மல்லி. த்ரோபாலில் தோற்றுவிட்டு ஹாஸ்டலில் சாப்பிடாமல் கிடந்தது யார்? அந்த ராயப்பேட்டை பூரிக் கதையை அவளிடம் இன்னும் சொல்லவில்லையா நீ?

14ஆம் தேதி இங்கே எக்ஸ்பிரஸ் அவென்யூ மாலில் ஸ்குவாஷ் உலகக் கோப்பை இறுதி ஆட்டம். இந்தியா ஹாங்காங்கை 3-0 என்று ஜெயித்தது. முதலில் இறங்கியவர் நம்ம ஊர் ஜோஷ்னா சின்னப்பா. வயது 39. எதிரே தரவரிசையில் தன்னைவிட எவ்வளவோ மேலே இருந்த பெண்ணை 3-1 என்று தோற்கடித்தார். அடுத்து அபய் சிங், கடைசியாக அனாஹத் சிங். அனாஹத்துக்கு 17 வயதுதான். அவள் பிறப்பதற்கு முன்பே தேசிய சாம்பியன் ஆகிவிட்டவர் ஜோஷ்னா! எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

ஜோஷ்னாவுக்கும் எல்லாம் சுலபமாக அமைந்துவிடவில்லை. இந்த ஆட்டத்தில் பந்து சூடாகும்வரை எழும்பாது. முன் மூலையில் செத்து விழுகிற பந்துக்கு ஒவ்வொரு முறையும் ஒரு காலை நீட்டிப் பாய வேண்டும். உடம்பின் பாரமெல்லாம் முழங்காலில் இறங்கும். அந்த முழங்கால்தான் அவரை மாதக்கணக்கில் உட்கார வைத்தது. அதிலிருந்து மீண்டு வந்து 2014இல் கிளாஸ்கோவில் தீபிகா பள்ளிக்கலோடு காமன்வெல்த் தங்கம், 2017இலும் 2019இலும் ஆசிய சாம்பியன், உலகத் தரவரிசையில் முதல் பத்து. பிறகு மறுபடியும் காயம், நூறுக்கும் கீழே சரிவு. அந்த நிலையில்தான் இந்த அக்டோபரில் ஜப்பான் ஓபனை ஜெயித்தார்.

எனக்கு ஆறாதது ஒலிம்பிக்ஸ்தான். எத்தனை முறை கேட்டும் இந்த விளையாட்டைச் சேர்க்கவே இல்லை. எட்டு முறை உலக சாம்பியனான மலேசியாவின் நிக்கோல் டேவிட் 2019இல் ஓய்வு பெற்றுவிட்டார், நம்ம நாட்டு வீரர் சவ்ரவ் கோஷல் 2024இல். லாஸ் ஏஞ்சலிஸ் 2028இல்தான் முதல் தடவையாக ஸ்குவாஷ் வருகிறது, அதுவும் ஒற்றையர் மட்டும். அப்போது ஜோஷ்னாவுக்கு 41 ஆகியிருக்கும். வாழ்நாளெல்லாம் ஆடியவர்களுக்கு இவ்வளவு தாமதமாகக் கதவைத் திறப்பது பெரிய அநியாயம் இல்லையா?

உன் மகள் தலைமுறைக்கு அந்தக் கதவு திறந்திருக்கிறது. பணக் கவலை நிஜம்தான், மறுக்கவில்லை. சின்னப் போட்டிகளில் பரிசுப் பணம் விமான டிக்கெட்டுக்கே காணாது. ஆரம்ப வருடங்களில் கைக்காசுதான் போகும். அதை அவளிடம் கணக்குப் போட்டுக் காட்டு. எத்தனை வருடம் தாங்க முடியும் என்று நீங்கள் இருவரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள். ஆனால் பயந்துபோய் வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிடாதே.

பொங்கலுக்கு அவளையும் அழைத்து வா. நேரு பார்க்கில் இருக்கிற ஸ்குவாஷ் அகாடமிக்கு ஒரு நடை போய், அங்கே யாரிடமாவது நேரிலேயே விசாரித்துவிடலாம். வரும்போது கொஞ்சம் நாட்டுச் சர்க்கரை கொண்டு வா, இங்கே கிடைப்பது வாயில் வைக்க முடியவில்லை.

அன்புடன்,
வசந்தி