போர்க்கப்பல் இல்லை ஐயா, எண்ணெய்க் கப்பல்

மாலத்தீவு அட்டூவில் முக்குளிப்புச் சுற்றுலா நடத்தும் நிறுவனத்தின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். இதற்கு முன் இரண்டு முறை ஆங்கிலத்தில் எழுதினேன். மருமகன்தான் தட்டச்சு செய்து அனுப்பினார். பதில் வரவில்லை. சரி, மூன்றாவதைத் தமிழில், நாலு பேர் பார்க்கும்படி எழுதிவிடுவோம் என்று உட்கார்ந்துவிட்டேன். உங்கள் அலுவலகத்தில் கணக்கு பார்க்கும் தம்பி நாகர்கோவில்காரர். படித்துச் சொல்வார்.

விஷயம் உங்களுக்குத் தெரிந்ததுதான். ஹித்தாதூ தீவுக்குப் பக்கத்தில் கடலடியில் கிடக்கும் ‘பிரிட்டிஷ் லாயல்டி’ கப்பலைப் பற்றி உங்கள் படகுத்துறைப் பலகையில் ‘ஜப்பானியர் மூழ்கடித்த பிரிட்டிஷ் போர்க்கப்பல்’ என்று எழுதி வைத்திருக்கிறீர்கள். ஒரே வரி, அதில் இரண்டு தப்பு. அந்தப் பலகையை மாற்றுங்கள் என்பதுதான் என் கோரிக்கை. முதல் மடலிலும் இதைத்தான் கேட்டேன், இரண்டாவதிலும் இதைத்தான் கேட்டேன்.

நான் தூத்துக்குடிக்காரன். இருபத்தெட்டு வருஷம் எண்ணெய்க் கப்பல்களில் பம்ப்மேன். எந்த டேங்க்கில் எவ்வளவு ஏற்றுவது, எந்த வால்வைத் திறப்பது, எதை மூடுவது என்பதோடு போன ஆயுசு. இப்போது ஹித்தாதூவில் டீச்சராக இருக்கும் மகள் வீட்டுக்கு வந்த இடத்தில், மருமகன் உங்கள் படகில் சீட்டு எடுத்துக் கொடுத்தார். எனக்கு வயசாகிவிட்டது, தண்ணீருக்குள் இறங்கவில்லை. சங்கு குளிக்கிறவர்கள் ஊரில் பிறந்துவிட்டு மேலே உட்கார்ந்திருப்பது கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது. ஆனால் உங்கள் வழிகாட்டித் தம்பி சொன்னதை ஒரு சொல் விடாமல் கேட்டேன். 33 மீட்டர் ஆழம், சாய்ந்து கிடக்கிறது, ஆமை வரும் என்பது வரை சரி. அப்புறம் போர்க்கப்பல் என்றார், கேப்டன் அறையில் தங்கம் இருந்தது என்றார்.

எண்ணெய் ஏற்றும் கப்பலில் தங்கம் எதற்குத் தம்பி என்று கேட்டேன். சிரித்தார்.

கரைக்குத் திரும்பியதும் உங்கள் வரவேற்பறையில் உட்கார வைத்தார்கள். சுவரில் ஒரு சக்கரம் தொங்கியது. ஒரு முழ அகலம், ஐந்து ஆரம், நடுவில் சதுர ஓட்டை. கிளிஞ்சல் ஒட்டிய தடத்தைச் சுரண்டி, வார்னிஷ் அடித்து வைத்திருக்கிறீர்கள். அதன் மேல் யாரோ ஈரத்துண்டைக் காயப் போட்டிருந்தார்கள். சுக்கான் சக்கரம், கீழே இருந்து எடுத்தது என்றார் வழிகாட்டித் தம்பி. அது சுக்கான் இல்லை ஐயா, வால்வுச் சக்கரம். அந்தச் சதுர ஓட்டைதான் தண்டில் போய் உட்காரும். துண்டை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு அதைப் பிடித்துப் பார்த்தேன். எந்தப் பக்கம் திருகினால் மூடும் என்று கை தானாகத் தேடியது. என்னை மாதிரி ஒருவன் ராத்திரி இரண்டு மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் திருகிய சக்கரம் அது.

கப்பலின் கதையை நீங்களே படித்திருப்பீர்கள், இருந்தாலும் சொல்கிறேன். 1928ல் கட்டியது. கிட்டத்தட்ட 7,000 டன். பிரிட்டிஷ் டேங்கர் கம்பெனிக்குச் சொந்தமான வணிகக் கப்பல். 1942 மே 30 ராத்திரி மடகாஸ்கரின் வடமுனையில் தியேகோ சுவாரஸ் துறைமுகத்தில் நின்றது. அந்த மாதத் தொடக்கத்தில்தான் பிரிட்டிஷ்காரர்கள் அந்த ஊரைப் பிடித்திருந்தார்கள். ஜப்பானியரின் குட்டி நீர்மூழ்கி, இரண்டே பேர் ஓட்டுவது, துறைமுகத்துக்குள் நுழைந்து ‘ராமில்லீஸ்’ என்ற பெரிய போர்க்கப்பலை அடித்தது. அது தப்பிப் பிழைத்து ரிப்பேருக்குப் போனது. அடுத்த அடி டேங்கருக்கு. அது அங்கேயே மூழ்கியது.

அந்த வருஷக் கடைசியில் அதைத் தூக்கி மிதக்க விட்டார்கள். உங்கள் அட்டூவுக்குக் கொண்டு வந்தார்கள். அப்போது இது பிரிட்டிஷ் கடற்படையின் ரகசியத் தளம், ‘போர்ட் டி’ (Port T) என்று பெயர். தீவுகளுக்கு நடுவே காயல், வாய்க்கால்களில் டார்பிடோ, அதாவது தண்ணீருக்கடியில் பாய்ந்து வரும் குண்டு, தடுக்கும் வலை. பத்திரமான இடம் என்றுதான் நினைத்திருப்பார்கள். 1944 மார்ச் 9ல் யூ-183 என்ற ஜெர்மன் நீர்மூழ்கி, காயலுக்குள் நுழையாமலே, வெளியே நின்றபடி வலையில் இருந்த இடைவெளி வழியாகச் சுட்டது. வீட்டுக்குள் படுத்திருந்தவனை ஜன்னல் இடுக்கு வழியாக அடித்த மாதிரி. இரண்டாவது முறையும் அடி வாங்கி, எப்படியோ போர் முடியும் வரை தாக்குப்பிடித்தது. 1946 ஜனவரியில் பிரிட்டிஷ்காரர்களே அதை மூழ்கடித்தார்கள்.

ஆக ஜப்பானியர் ஒரு அடி, ஜெர்மானியர் ஒரு அடி, கடைசியில் சொந்தக்காரர்கள். உங்கள் பலகையில் ஜப்பானியர் மட்டும் இருக்கிறார்கள், அதுவும் தப்பான கடலில்.

பெரியவருக்கு ஒரு சொல்லில் என்ன இவ்வளவு கோபம் என்று நினைப்பீர்கள். அதைத்தான் கொஞ்சம் விளக்க வேண்டும். போர்க்கப்பலில் இருந்தவன் கடற்படைக்காரன். கப்பல் மூழ்கினாலும் அவன் கடற்படைக்காரன்தான், சம்பளம் வரும். வணிகக் கப்பலில் இருந்தவன் ஒப்பந்தக் கூலி. அவன் கையெழுத்துப் போட்டது ஒரு கப்பலுக்கு, ஒரு பயணத்துக்கு. கப்பல் மூழ்கினால் ஒப்பந்தமும் அதோடு போயிற்று. பிரிட்டனில் 1941 மே மாதம்தான் வணிக மாலுமிகளுக்கும் பயணத்துக்குப் பயணம் அறுந்துபோகாத தொடர் வேலை என்று சட்டம் போட்டார்கள். அதற்குள் போர் தொடங்கி ஒன்றரை வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.

இதே பிரிட்டிஷ் கப்பல்களில் ஆயிரக்கணக்கில் வேலை செய்த இந்தியர்களின் நிலைமை இன்னும் மோசம். வெள்ளைக்கார மாலுமியின் சம்பளத்தில் ஒரு சின்னப் பங்குதான் அவர்களுக்கு. 1939ல் போர் தொடங்கியதும் பிரிட்டிஷ் துறைமுகங்களில் கூலி கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள், சிறைக்கும் போனார்கள். போரில் கடலோடு போன வணிக மாலுமிகளின் பெயரை லண்டன் டவர் ஹில்லில் வெண்கலத் தகட்டில் பொறித்திருக்கிறார்கள். நம் ஆட்களின் பெயர்கள், கடற்படையினரையும் சேர்த்து 6,000க்கு மேல், மும்பையிலும் சிட்டகாங்கிலும் ஒரு ஏட்டில் இருக்கின்றன. ஏட்டை யார் புரட்டுகிறார்கள்?

எங்கள் ஊரையும் சேர்த்தே திட்டுகிறேன். துறைமுக நகரம் என்று பேர், கப்பலாட்களுக்கு ஒரு கல் நட்டதை நான் பார்த்ததில்லை. பெண் பார்க்கப் போனால் ‘கப்பல்லயா, கேப்டனா?’ என்பார்கள். பம்ப்மேன் என்றால் காபி ஆறிப்போகும். மோட்டார் ரிப்பேரா என்று கேட்ட மாமனாரும் உண்டு. நல்லவர், போய்ச் சேர்ந்துவிட்டார்.

எங்கோ போய்விட்டேன், மன்னிக்கவும்.

பின்பக்கம் பீரங்கி வைத்திருந்தார்களே, அப்போது போர்க்கப்பல்தானே என்று உங்கள் வழிகாட்டித் தம்பி என்னை மடக்கினார். போர்க்காலத்தில் வணிகக் கப்பல்களுக்குத் தற்காப்புக்கு ஒரு பீரங்கி கொடுப்பது வழக்கம்தான். பெட்டிக்கடைக்காரர் கல்லாவுக்கு அடியில் ஒரு தடி வைத்திருந்தால் கடை போலீஸ் ஸ்டேஷன் ஆகிவிடுமா? போர்க்கப்பல் என்று போட்டால்தான் சீட்டு விற்கும் என்றால் அதையாவது நேராகச் சொல்லுங்கள், வியாபாரம் என்று புரிந்துகொள்கிறேன். தங்கத்தையும் பலகையில் சேர்த்துக்கொள்ளலாம், இன்னும் நாலு சீட்டு போகும்.

கோபத்தில் எழுதிவிட்டேன். எழுதியதை அடித்துவிடவும் மனசில்லை, இருக்கட்டும்.

உங்களிடம் பணிவாகக் கேட்பது இவ்வளவுதான். பலகையை மாற்றுங்கள். ‘பிரிட்டிஷ் லாயல்டி, வணிக எண்ணெய்க் கப்பல். 1942ல் மடகாஸ்கரில் ஜப்பானியரும் 1944ல் இங்கே ஜெர்மானியரும் தாக்கினர். 1946ல் பிரிட்டிஷார் மூழ்கடித்தனர்.’ பழைய பலகையிலேயே இது அடங்கும், அளந்து பார்த்துவிட்டேன். உங்கள் மாலத்தீவு மொழி திவெஹியில் எழுத மகளின் பள்ளிக்கூடத்தில் ஒரு ஆசிரியர் ஒத்துக்கொண்டிருக்கிறார். பெயிண்ட் செலவு என்னுடையது.

அந்தச் சக்கரத்தைத் திருப்பிக் கடலில் போடுங்கள் என்று நான் கேட்கவில்லை, வார்னிஷ் அடித்த பிறகு என்ன செய்ய முடியும். அதன் கீழே ‘எண்ணெய் டேங்க் வால்வுச் சக்கரம்’ என்று ஒரு சீட்டு ஒட்டுங்கள். துண்டு காயப் போட வேறு ஆணி அடித்துக்கொள்ளுங்கள்.

அடுத்த மாதம் 20ம் தேதி வரை ஹித்தாதூவில்தான் இருப்பேன். மருமகன் நம்பர் உங்கள் சீட்டுப் புத்தகத்தில் இருக்கிறது. கூப்பிட்டால் ஏணியும் பிரஷ்ஷுமாக வந்துவிடுகிறேன். வெள்ளிக்கிழமை மட்டும் வேண்டாம், பேத்தி விடமாட்டாள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற பம்ப்மேன் ஒருவன்