விமானத்தில் அடிக்கும் மருந்தும் உன் வீசிங்கும்

அன்புள்ள கண்ணம்மா,

ஆஸ்திரேலியாவுக்கு டிக்கெட் போட்டாயிற்று என்றாய். அவர்கள் விமானத்துக்குள் கொசு மருந்து அடிக்காமல் விடமாட்டார்கள். காரணமில்லாமல் இல்லை. வெளிநாடே போகாமல், விமான நிலையத்துக்குப் பக்கத்தில் குடியிருந்த பாவத்துக்கே, விமானத்தில் வந்திறங்கிய கொசு கடித்து மலேரியா வந்தவர்கள் உண்டு. அமெரிக்காவோ பயணிகள் உட்கார்ந்திருக்கும்போது அடிப்பதை 1979-லேயே நிறுத்திவிட்டது.

ஏர்லைனுக்கு இப்போதே ஒரு மெயில் போடு. "மருந்து அடிப்பீர்களா?" என்று கேட்காதே, "ஆமாம்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். எந்த முறை, என்ன மருந்து, கடைசியாக எந்தத் தேதியில் அடித்தது என்று கேள். முறைக்குத் தகுந்த மாதிரிதான் நீ ஜாக்கிரதையாக இருக்க வேண்டிய இடமும் மாறும்.

ஒன்று, ஆளில்லாத விமானத்தில் அடித்துக் காயவிடுவது. இதற்கு பெர்மெத்ரின் என்ற பூச்சி மருந்து. 8 வாரத்துக்கு ஒருமுறை அடிப்பார்கள். சுவர் மாதிரி இடங்களில் சதுர மீட்டருக்கு 0.2 கிராம், தரை விரிப்பில் 0.5 கிராம். கீழேதான் இரண்டரை மடங்கு, அங்கேதான் பேரன் தவழப் பார்ப்பான்! இறக்கி விடாதே. சாப்பாட்டுத் தட்டுப் பலகையையும் கைப்பிடியையும் ஈர டிஷ்யூவால் துடை. சாப்பிடுமுன் அவன் கையை சோப்புப் போட்டுக் கழுவிவிடு. பெல்ட்டை வாயில் வைக்க விடாதே. இந்த முறையில் நீங்கள் ஏறும்போது புகையும் இருக்காது, அறிவிப்பும் வராது. அதனாலேயே யாரும் கவனிப்பதில்லை.

இன்னொன்று, நீங்கள் உள்ளே இருக்கும்போதே கேனால் அடிப்பது. பெரும்பாலும் டி-ஃபீனோத்ரின் என்ற பூச்சி மருந்து 2 சதவீதம், 100 கன மீட்டருக்கு 35 கிராம் கணக்கு. தரையிறங்கத் தொடங்கும் நேரத்தில், கேனை மேலே தூக்கிப் பிடித்து நிதானமாக நடந்துகொண்டே அடிப்பார்கள். மருந்து நிற்கவேண்டும் என்று அந்தச் சில நிமிடம் காற்றோட்டத்தைக் குறைப்பார்கள். மூச்சு முட்டுவது போலிருக்கலாம். காற்றோட்டம் பழையபடி வந்துவிட்டால் சீக்கிரம் கலைந்துவிடும், கேபின் காற்று மணிக்கு 20 தடவைக்கு மேல் மாறுகிறது.

சிரங்குக்குத் தடவும் க்ரீமில் இதே பெர்மெத்ரின் 5 சதவீதம் இருக்கிறது என்று உன் வீட்டுக்காரர் சொல்வார். சரிதான், தோல் வழியாக உள்ளே போவது கொஞ்சம்தான். ஆனால் இழுப்பு உள்ள மூச்சுக்குழாய்க்கு அந்தக் கணக்கு ஒத்துவராது. அன்றைக்குத் தடுப்பு இன்ஹேலரை விட்டுவிடாதே. அவசர இன்ஹேலர் மேல் லாக்கரில் வேண்டாம், இறங்கும் நேரத்தில் எழ விடமாட்டார்கள். சட்டைப் பையில் வை. அடிக்குமுன் இழுத்துக்கொள்ளலாமா என்று டாக்டரிடம் இப்போதே கேட்டு வை. ஏறினதுமே க்ரூவிடம் ஆஸ்துமா என்று சொல்லிவிடு. கான்டாக்ட் லென்ஸ் வேண்டாம், கண்ணாடி போட்டுக்கொள். அடிக்கும்போது கண்ணை மூடு. மாஸ்க் துளிகளை ஓரளவு தடுக்கும், வாசனையைத் தடுக்காது.

முகத்தில் ஊசி குத்துகிற மாதிரி குறுகுறுத்தால் தேய்க்காதே, சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவு. ஒரு நாளில் அடங்கிவிடும். இன்ஹேலர் இழுத்தும் மூச்சு வாங்கினால் இறங்கும்வரை பொறுக்காதே, மணியை அடி.

ஏர்லைனிலிருந்து பதில் வந்ததும் அப்படியே எனக்கு அனுப்பு. தேதியைப் பார்க்க வேண்டும்.

அம்மா