கூரையைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடு

ஒஸ்லோ,
ஞாயிறு மாலை

அன்புப் பிள்ளைக்கு,

உன் கடிதமும், கோபன்ஹேகனில் நீ வாங்கப் பார்க்கும் வீட்டின் படங்களும் கிடைத்தன. தொலைபேசியில் சொல்லத் தொடங்கினால் நடுவில் அம்மா வாங்கிக்கொள்வாள். பிறகு அது என் பேச்சாக இருக்காது. அதனால்தான் எழுதுகிறேன்.

அம்மாவின் கட்சி உனக்குத் தெரியும். "காசு கொடுக்கிறாள், உறுதிப் பத்திரம் அவள் பெயரில் இல்லையாம். இது என்ன வாங்கல்?" என்று மூன்று நாளாக ஒரே கேள்வி. கட்டடம் முழுவதும் குடியிருப்பவர்களின் கூட்டுறவுச் சங்கத்துக்குச் சொந்தம், நீ வாங்குவது ஒரு பங்கையும் அந்த மூன்று அறைகளில் குடியிருக்கும் உரிமையையும்தான் என்று விளக்கிப் பார்த்தேன். நாம் இத்தனை வருடமாக இருக்கும் இந்த வீடும் ஏறக்குறைய அப்படித்தான் என்று சொன்னதும் பேச்சு நின்றது. அடுப்படியில் பாத்திரச் சத்தம் மட்டும் கூடியது.

கடைசியில் ஒன்று சொன்னேன்: "சுவீடன் மன்னரே ஒரு குத்தகைக்காரர்தான், தெரியுமா?" நான் கேலி செய்கிறேன் என்று நினைத்தாள். கேலியே இல்லை. பிளென் என்ற சிறு ஊரின் பக்கத்தில் ஸ்டென்ஹம்மார் என்று ஒரு பண்ணை மாளிகை இருக்கிறது. பிள்ளையில்லாத ஒரு பிரபு 1903இல் அதை அரசாங்கத்துக்கு எழுதிவைத்துவிட்டு இறந்தார். அரச குடும்பத்து இளவரசர் ஒருவருக்கு அதைக் குத்தகைக்கு விட வேண்டும் என்பது அவர் போட்ட நிபந்தனை. இப்போதைய மன்னர் கார்ல் குஸ்தாவ் 1966இல் இருந்து அந்தக் குத்தகையில் பண்ணை நடத்துகிறார். மாடும் காடும் வயலுமாக, கணக்கு வழக்கோடு நடக்கும் பண்ணை.

ஸ்டாக்ஹோம் நகர நடுவில் இருக்கும் பெரிய அரண்மனையும் அவருடையதல்ல, அரசாங்கத்தினுடையது. குடும்பம் வசிக்கும் டிரொட்னிங்ஹோமும் அப்படித்தான். மன்னருக்கு இருப்பது பயன்படுத்தும் உரிமை மட்டுமே. அவருக்கே சொந்தம் என்று சொல்லக்கூடியது ஓலண்ட் தீவில் இருக்கும் சொல்லிடன் கோடை வீடு. அவருடைய கொள்ளுப்பாட்டி விக்டோரியா ராணி இத்தாலி நாட்டு வீடுகளைப் போலக் கட்டுவித்து 1906இல் முடித்த வெள்ளை வீடு அது.

எனக்கு ஒரு கட்டடத்தைப் பார்த்தால் கண் முதலில் கூரைப் பீலிக்கும் குழாய்க்கும்தான் போகும். முப்பது வருட வேலை அப்படிப் பழக்கிவிட்டது. அரண்மனைகளையும் நான் அந்தக் கண்ணால்தான் பார்ப்பேன், சிரிக்காதே. ஸ்டாக்ஹோமில் முன்பு இருந்த கோட்டை அரண்மனை 1697 மே மாதம் எரிந்து போனது. மன்னர் பதினோராம் கார்ல் இறந்து, உடல் உள்ளே பெட்டியில் கிடந்த நாட்கள் அவை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். நெருப்புக்குக் காவல் இருக்க வேண்டியவர்கள் கடமையில் தவறியதாகத் தண்டனை பெற்றார்கள். புதிய அரண்மனையில் அரச குடும்பம் குடிபுக 1754 ஆகிவிட்டது, ஐம்பத்தேழு வருடம்! வரைபடம் போட்ட தெசின் அதற்கு முன்பே, 1728இல், போய்ச் சேர்ந்துவிட்டார். 600க்கு மேல் அறைகள் அங்கே. அத்தனையையும் விட்டுவிட்டு, பிள்ளைகளை வளர்க்க இந்த இடம் சரிவராது என்று 1981இல் மன்னரும் ராணியும் டிரொட்னிங்ஹோமுக்குக் குடிபோனார்கள். இப்போது நகர அரண்மனை அவர்களுக்கு வேலைக்குப் போகும் இடம்.

நம் ஒஸ்லோ அரண்மனையை நீ மறந்திருக்க மாட்டாய். மே 17 தேசிய நாள் ஊர்வலத்தில் கையில் கொடியோடு அந்தப் பால்கனியின் கீழ் நீ நடந்து போனபோது, மன்னர் உன்னைப் பார்த்துத்தான் கையசைத்தார் என்று இரவு முழுவதும் சாதித்தாய். அந்த வீட்டின் கதையும் கடன்காரன் வீட்டுக் கதைதான். அப்போது சுவீடனுக்கும் நோர்வேக்கும் சேர்த்து ஒரே மன்னராக இருந்த கார்ல் யோகான் 1825இல் அடிக்கல் நாட்டினார். காசு போதாமல் வேலை நின்றது, நாடாளுமன்றம் கையை விரித்தது. திட்டத்தைச் சுருக்கித் திரும்பத் தொடங்கி 1849இல் முடித்தபோது அவர் இறந்து ஐந்து வருடம் ஆகியிருந்தது. அவருக்குப் பின் வந்தவர்களுக்கும் சுவீடன்தான் வீடு. இங்கே வந்து தங்கிப் போனார்கள், அவ்வளவுதான். 1905இல் ஹாக்கோன் மன்னரும் மோட் ராணியும் கைக்குழந்தையுடன் நிரந்தரமாகக் குடிவந்த பிறகுதான் குளியலறை, கழிப்பறை எல்லாம் ஒழுங்காக வைத்தார்கள். 173 அறைகள் கட்டியவர்களுக்கு இது தோன்றவில்லை பார்!

அதோடும் முடியவில்லை. ஹரால்ட் மன்னர் 1991இல் முடி ஏற்றார். ஆனால் ராணியோடு அரண்மனைக்குக் குடிவந்தது 2001இல். நடுவில் பத்து வருடம் பழுதுபார்ப்பு. வெளியே மஞ்சள் சுவர் பளிச்சென்று இருக்கும், உள்ளே சுவருக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பது உடைத்துப் பார்த்த பிறகுதான் தெரியும். நீ அனுப்பிய படங்களில் சமையலறை புதிதாகப் பளபளக்கிறது. அதைப் பார்த்து மயங்காதே என்பதற்காகத்தான் இவ்வளவும் சொல்கிறேன்.

அந்தப் பத்து வருடமும் அவர்கள் இருந்தது ஒஸ்லோவுக்குப் பக்கத்தில் ஆஸ்கரில் இருக்கும் ஸ்கௌகும் பண்ணையில். அது அரசாங்க வீடு அல்ல, குடும்பத்தின் சொந்த வீடு. அம்மா கேட்கும் "உறுதி" உள்ள வீடு. அந்த வீடு பட்ட பாட்டைக் கேள். 1929இல் முடிக்குரிய இளவரசர் ஊலாவ், மார்த்தா இளவரசியைக் கலியாணம் செய்தபோது வாங்கியது. அடுத்த வருடமே எரிந்துவிட்டது. அஸ்திவாரத்தின் மேலேயே ஆர்னெபெர்க் என்ற கட்டடக் கலைஞரைக் கொண்டு திரும்பக் கட்டி 1932இல் புகுந்தார்கள். 1937இல் அவர்களுடைய மகன் ஹரால்ட் அந்த வீட்டிலேயே பிறந்தார். 1940இல் ஜெர்மன் படை வந்தது. தாத்தாவும் தகப்பனும் லண்டனில், தாயும் பிள்ளைகளும் அமெரிக்காவில். ஸ்கௌகுமில் குடியிருந்தது ஹிட்லர் அனுப்பிய ஆளுநர் தெர்போவன். ஐந்து வருடம் அந்த மேசையில் அவன் சாப்பிட்டான். 1945 மே 8ஆம் தேதி, தோல்வி முடிவானதும், அந்த வளவின் பதுங்குகுழிக்குள் வெடிமருந்தைக் கொளுத்தித் தன்னை முடித்துக்கொண்டான். அதன் பிறகு கொஞ்ச நாள் நேச நாட்டுத் தளபதி. பிறகுதான் வீட்டுக்காரர்கள்.

இதை அம்மாவிடம் சொல்லவில்லை. அவளுடைய இரும்புப் பெட்டியில் ஒரு காணி உறுதி மடித்த மடிப்பில் கிழிந்து, நாடா ஒட்டி, பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கிறது. நீ பார்த்திருக்கிறாய். இருபது வருடத்துக்கு மேல் ஊரில் உள்ள அந்தக் காணி வீட்டில் நாம் இல்லை, வேறு யாரோ இருந்தார்கள். திரும்பிப் போய்ப் பார்த்தபோது கிணறும் படிக்கட்டும் மட்டும் நம்முடையவை என்று அடையாளம் தெரிந்தன. அவள் உறுதியைப் பற்றிப் பேசும்போது நீ கோபப்படாமல் கேட்டுக்கொள்.

இனி உன் ஊர். தினமும் சைக்கிளில் அமாலியன்போர்க் சதுக்கத்தைக் கடந்து போவதாக எழுதியிருந்தாய். அந்த நான்கு மாளிகைகளும் மன்னருக்காகக் கட்டியவை அல்ல. 1750களில் நான்கு பிரபுக் குடும்பங்கள் தங்களுக்காகக் கட்டியவை. 1794இல் கிறிஸ்டியான்ஸ்போர்க் அரண்மனை எரிந்ததும் போக்கிடம் இல்லாமல் அரச குடும்பம் அவசரமாக வாங்கிக் குடிபுகுந்தது. ஆக, டென்மார்க் மன்னர் இருப்பது பிறர் இருந்து விட்ட வீட்டில்!

நடுவில் குதிரை மேல் இருக்கிறாரே ஐந்தாம் பிரெடெரிக், அவரை ஒரு நாள் சைக்கிளை நிறுத்தி நன்றாகப் பார். சலி என்ற பிரெஞ்சுச் சிற்பி வருடக்கணக்காக வேலை செய்து, சிலை திறக்கப்பட்டது 1771இல். மன்னர் இறந்தே ஐந்து வருடம். செலவு முழுவதும் டேனிஷ் ஆசியக் கம்பெனியுடையது. சுற்றி நிற்கும் நான்கு மாளிகைகளின் செலவுக்கு அது குறையாது என்று சொல்வார்கள். கம்பெனியின் பெரிய லாபம் சீனத் தேயிலையில் வந்தது, ஆனால் அந்த நாளில் தரங்கம்பாடியை நடத்தியதும் அதே கம்பெனிதான். அதற்கு வெகு முன்பே, 1620இல், டேனிஷ்காரர்கள் தஞ்சை நாயக்கரிடம் அந்தக் கடற்கரையைப் பெற்றார்கள். அந்தக் கப்பல்கள் கோபன்ஹேகனில் இருந்து புறப்பட்டதே இலங்கையை நோக்கித்தான். திருகோணமலையில் கால் ஊன்றப் பார்த்து, சரிவராமல்தான் அக்கரைக்குப் போனார்கள். அந்தக் குதிரையின் ஒரு குளம்பிலாவது தமிழ்க் கரையின் வியர்வை இருக்கும் என்று நினைக்கிறேன். கணக்குப் புத்தகத்தில் குளம்பு குளம்பாக எழுதியிருக்க மாட்டார்கள்.

ஆனால் டென்மார்க்கில் எனக்குப் பிடித்த வீடு அது அல்ல, தெற்கே எல்லைப் பக்கம் இருக்கும் கிரோஸ்டென். 1935இல் இளவரசி இங்கிரிட் டென்மார்க் முடிக்குரிய இளவரசரின் மணமகளாக சுவீடனில் இருந்து வந்தபோது, கோடையில் தங்குவதற்கு நாடு அவர்களுக்குக் கொடுத்தது பயன்படுத்தும் உரிமை மட்டும். வீடு இன்றும் அரசாங்கத்துடையது. அவருடைய தாய் ஆங்கிலேயப் பெண், தோட்டத்தில் பைத்தியம்; பிள்ளைக்குப் பன்னிரண்டு வயது ஆகும் முன்பே, 1920இல் இறந்துவிட்டாள். இங்கிரிட் தனக்குச் சொந்தமில்லாத அந்த மண்ணில் ரோஜாவும் கொடியும் பூம்பாத்தியும் வைத்து, 2000இல் இறக்கும் வரை அதைத் தன் பிள்ளை போல வளர்த்தார். குடும்பம் இல்லாத நாட்களில் யாரும் போய் நடக்கலாம். நாங்கள் போன அன்று மழை. அம்மா குடையை என்னிடம் தந்துவிட்டு ஒரு ரோஜாச் செடியின் அடிமண்ணைக் குனிந்து கிள்ளிப் பார்த்தாள். "நல்ல பசளை போட்டிருக்கிறார்கள்" என்றாள்.

சரி, வேலைக்கு வருகிறேன். கூரை எந்த வருடம் மாற்றியது, தண்ணீர்க் குழாய் எந்த வருடம் மாற்றியது என்று இரண்டையும் எழுத்தில் கேள். சங்கத்தின் பெயரில் எவ்வளவு கடன் இருக்கிறது, வட்டி நிலையானதா மாறுவதா என்று பார். பங்கு மலிவாக இருந்து கடன் பெரிதாக இருந்தால் அது மலிவே இல்லை, மாதாமாதம் உன் தலையில் விழும். நிலவறைக்குள் இறங்கி மூக்கால் மணந்து பார், ஈரம் பொய் சொல்லாது. கடைசி மூன்று வருடப் பொதுக்கூட்டக் குறிப்புகளையும் எனக்கு அனுப்பு. டேனிஷ் எழுத்து எனக்கு விளங்கும், பேச்சுத்தான் விளங்காது.

ஈஸ்டருக்கு வருகிறோம். என்னை பிரெடென்ஸ்போர்க் அரண்மனைக்குக் கூட்டிக்கொண்டு போ. அங்கே விருந்துக்கு வரும் நாட்டுத் தலைவர்கள் ஜன்னல் கண்ணாடியில் வைர முனையால் கையெழுத்துக் கீறுவார்களாம். அது எனக்கு வேண்டாம். தோட்டத்தில் நோர்வே, பரோ தீவு மக்களின் கற்சிலைகள் எழுபது அளவில் வட்டமாக நிற்கின்றன. மன்னனுக்காகச் செய்தவைதான், ஆனால் உழவர்களும் மீனவர்களும். நோர்வேயின் வடகோடியில் பின்மார்க் மீன் தொழிற்சாலையில் என் முதல் பனிக்காலத்தில் பக்கத்தில் நின்று மீன் வெட்டிய கிழவரின் முகம் அதில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். துளைபோடும் இயந்திரத்தையும் நீர்மட்டப் பலகையையும் கொண்டுவருகிறேன்.

அம்மா இப்போது வந்து தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறாள். அந்த வீட்டின் சமையலறை ஜன்னல் கிழக்குப் பக்கமா என்று கேட்டு எழுதச் சொல்கிறாள்.

அன்புடன்,
அப்பா